கைப்பிடியைப் பிடித்தபின் வரும் வியாதி

காலை ஏழே முக்காலுக்குக் கிளினிக்கைத் திறந்து விளக்கைப் போட்டதும், சீட்டக்கா முதலில் துடைப்பது டாக்டர் அறைக் கதவின் உள்பக்கக் கைப்பிடியை. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை இடது கையில் பிடித்துக்கொண்டு, அழுத குழந்தையின் மூக்கைத் துடைப்பதுபோல் பக்குவமாகத் துடைப்பார். ஒரே கதவு, ஒரே நாளில் வாங்கி மாட்டிய ஜோடிக் கைப்பிடிகள். வெளிப்பக்கத்தது கறுத்துக் கிடக்கிறது. உள்பக்கத்தது மட்டும் தேய்ந்து பளபளக்கிறது. ஏன் என்கிறீர்கள்? உள்ளே வருகிறவர்கள் யாரும் கைப்பிடியை ஒரு நொடிக்குமேல் பிடிப்பதில்லை. வெளியே போகிறவர்கள்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், நிற்கிறார்கள், நின்றுகொண்டே இருக்கிறார்கள்.

அந்தக் கைப்பிடியைத் தேய்த்தே மெருகேற்றிய இனம் ஒன்று உண்டு, வாசகரே. 'ஒண்ணுமில்ல டாக்டர்'காரர்கள் என்று அதற்குப் பெயர்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். பத்து மணிச் சீட்டுக்கு ஒன்பதுக்கே வந்துவிடுவார். வந்தவர், பின்னால் வருகிறவர்களையெல்லாம் "நீங்க போங்க, எனக்கொண்ணும் அவசரமில்ல" என்று வள்ளலாக முன்னே அனுப்புவார். எடை பார்க்கச் சொன்னால் செருப்பு, கடிகாரம், சாவிக்கொத்து எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு, மூச்சையும் பிடித்துக்கொண்டு ஏறுவார். பெயர் எழுதிச் சீட்டுக் கொடுக்கிற சீட்டக்கா, "என்ன பண்ணுது?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, சும்மா ஜலதோஷம்" என்று சொல்லி, சாட்சிக்கு ஒரு தும்மலும் போட்டுக் காட்டுவார்.

உள்ளே போய் ஜலதோஷத்தைப் பற்றி ஏழு நிமிஷம் பேசுவார். மாடிவீட்டுக்காரரின் ஜலதோஷத்தைப் பற்றி மூன்று நிமிஷம். மருந்துச் சீட்டை வாங்கி நாலாக மடித்து, கும்பிட்டு, எழுந்து, கைப்பிடியைப் பிடித்து, கதவைப் பாதி திறந்து, வெளியே உட்கார்ந்திருக்கும் இருபது பேருக்கும் கேட்கும்படியாகத் திரும்புவார்.

"அப்புறம் டாக்டர்... ஒண்ணுமில்ல... ரெண்டு மாசமா வெளிக்குப் போறப்ப ரத்தம் போகுது. அது சூடுதானே?"

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் இப்படித்தான். வாழ்நாள் முழுவதும் பிள்ளைகளிடம் "வழிமுறையைக் காட்டு" என்று பிரம்பைத் தட்டியவர், தன் கணக்கில் கடைசி வரியை மட்டும் வாசலில் நின்று சொன்னார். கணவரின் இருமலுக்காக வந்த தையற்கார அம்மா இன்னொரு ரகம். கணவரை வாயே திறக்கவிடாமல் அவர் இருமலை அவரைவிட நன்றாக இருமிக் காட்டினார். அவரை வெளியே தள்ளிவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு மார்ல ஒரு கட்டி மாதிரி. பட்டாணி அளவுதான். இருந்துட்டுப் போகட்டுமா?" என்றார். குடியிருக்க வந்த பட்டாணிபோல!

இவர்களுக்காகவே இந்தக் கிளினிக்கில் ஒரு ஏற்பாடு உண்டு. வேறெங்கும் நீங்கள் பார்த்திருக்க முடியாது. இன்னார் வாசல் வியாதிக்காரர் என்று சீட்டக்காவுக்குத் தோன்றினால், சீட்டின் மூலையில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். புள்ளியைக் கண்டால் டாக்டர் துருவித் துருவிக் கேட்கமாட்டார். அரை நிமிஷத்தில் ஜலதோஷத்துக்கு எழுதிக் கொடுத்து, "சரி, போயிட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவார். ஆள் கதவருகே போய்த் திரும்புகிற நேரத்துக்கு, "அங்கேயே உக்காருங்க" என்பார். கதவோரத்தில் அதற்கென்றே ஒரு நாற்காலி. பொறியில் எலி விழுகிற மாதிரி அதில் விழுவார்கள். பிறகு அரை மணி நேரம் அர்ச்சனை நடக்கும்.

"படிச்சவரு நீங்களே இப்படிப் பண்ணலாமா? சொல்லாம இருந்தா வியாதி கோவிச்சுக்கிட்டுப் போயிடுமா?"

இப்படி அர்ச்சனை செய்த அதே டாக்டர்தான், திங்கட்கிழமையிலிருந்து வாசற்படி எட்டில் ஐந்தாவது படியில் நின்று தொட்டிச் செடியை ரசிக்க ஆரம்பித்தார். அந்தச் செடி செத்து மூன்று மாதமாகிறது.

சீட்டக்கா சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை டாக்டர் இடது தோளைத் தடவினார். புதன்கிழமை தாடையைத் தடவினார். "என்ன டாக்டர்?" என்றால், "ஒண்ணுமில்லம்மா, கேஸ், வாயுத் தொல்லை" என்று மாத்திரை அலமாரியைத் திறந்தார். சீட்டக்காவின் அக்கா வீட்டுக்காரரும் 'வெறும் கேஸ்' என்று பத்து நாள் சொன்னவர்தான். இப்போது கூடத்துச் சுவரில் சட்டத்துக்குள் இருக்கிறார்.

வெள்ளிக்கிழமை மதியம் கூட்டம் கலைந்தபின், சீட்டக்கா கடைசியாக ஒரு சீட்டு எழுதினார். கொஞ்ச நாளாகவே அவர் எழுத்து கோணல்தான். அன்று இன்னும் கோணியது. பெயர்: டாக்டர். வயது: அறுபத்திரண்டு. மூலையில் ஒரு புள்ளி. பென்சில் முனை ஒடிந்துபோயிற்று.

"கடைசி யாரும்மா? உள்ள அனுப்பு."

"உள்ளதான் இருக்காரு. சீட்டைப் பாருங்க."

டாக்டர் பார்த்தார். சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

"என்ன விளையாட்டு இது? எனக்கு ஒண்ணுமில்ல."

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. நாமதான் நம்புறதில்லையே."

"வெறும் கேஸும்மா."

"எங்க அக்கா வீட்டுக்காரரும் அப்படித்தான் சொன்னாரு. அந்தப் படத்தை இப்ப எங்க அக்காதான் தூசி தட்டுறா. பக்கத்து ரூம்ல சின்ன டாக்டரம்மா ஈசிஜி மெஷினோட காத்திருக்காங்க."

"அது என்கிட்ட தொழில் கத்துக்கிட்ட பொண்ணு!"

"அப்ப நல்லாத்தான் பார்ப்பாங்க."

டாக்டர் பையை எடுத்தார். "வீட்ல சாப்பாட்டுக்குக் காத்திருப்பாங்க" என்று எழுந்தார். சீட்டக்கா தடுக்கவில்லை. பதினொரு வருஷ அனுபவம் சும்மாவா? கைகட்டி நின்றார். டாக்டர் கைப்பிடியைப் பிடித்தார். கதவைப் பாதி திறந்தார். நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

"அப்புறம்..." என்றார், கதவைப் பார்த்தபடியே. "ஒண்ணுமில்ல... அஞ்சு நாளா படியேறினா தோள்லேருந்து தாடை வரைக்கும் ஒரு இறுக்கம். அது கேஸ்தானே?"

"அங்கேயே உக்காருங்க டாக்டர்."

உட்கார்ந்தார்.

சின்ன டாக்டரம்மா மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஊரையே படுக்கவைத்த கட்டிலில் டாக்டர் படுத்தார். கோடு போட்ட காகிதம் வெளியே வந்தது. அதைப் பார்த்த சின்ன டாக்டரம்மா கேஸ் என்று சொல்லவில்லை. ஒரு மாத்திரையைக் கையில் கொடுத்து மென்று தின்னச் சொல்லிவிட்டு, ஆம்புலன்ஸுக்குப் போன் போட வெளியே ஓடினார். "இன்னிக்கே சொன்னீங்களே சார், பொழச்சீங்க" என்ற குரல் மட்டும் திரும்பி வந்தது.

டாக்டர் மாத்திரையை மென்றபடி, படுத்தவாக்கில் சீட்டக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். மார்பில் வயர்கள் இருந்தாலும் டாக்டர் டாக்டர்தானே.

"ஏம்மா, பதினொரு வருஷத்துல உன் பேர்ல ஒரு சீட்டு நான் பார்த்ததில்லையே. வலது கையால எதையும் தூக்காம, எழுதுறதைக்கூட இடது கைக்கு மாத்திக்கிட்டியே. எத்தனை மாசமா?"

சிரிக்கிறீர்களா, வாசகரே? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் கை ஓரிடத்துக்குப் போய், மெல்லத் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியாததுபோல் திரும்பி வந்ததே, அது எந்த இடம்? எனக்குச் சொல்ல வேண்டாம். மூலையில் ஒரு புள்ளி மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

சீட்டக்கா ஸ்பிரிட் பாட்டிலை இடது கையில் எடுத்து முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவே இடுக்கிக்கொண்டார். கதவருகே போனார். அதே கையால் கைப்பிடியைப் பிடித்தார். ஒரு நொடி, இரண்டு நொடி, மூன்று.

"அம்மா, உன்னைத்தான் கேக்குறேன்."

கதவு திறந்து, அவருக்குப் பின்னால் மெல்லச் சாத்திக்கொண்டது.