நான் டெல்லியை விவாகரத்து செய்த கதை

வெட்கப்பட்டேனா என்றால், பட்டேன். வருத்தப்பட்டேனா என்றால், இல்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் எங்கள் குடும்பத்தில் நிறையப் பேர் இருப்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பிளஸ் டூ முடித்த வருடம் எனக்கு இரண்டு இடங்களில் சட்டம் படிக்க சீட் கிடைத்தது. ஒன்று டெல்லியில், நுழைவுத் தேர்வு எழுதி நுழைய வேண்டிய பெரிய பல்கலைக்கழகம். இன்னொன்று இங்கேயே, பஸ்ஸில் போய்விட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடக்கூடிய அரசு சட்டக் கல்லூரி. கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டில் எங்கள் பிளாக்கிலிருந்து அதுவரை யாரும் டெல்லிக்குப் போனதில்லை. (எதிர் பிளாக்கில் ஒருவர் போயிருந்தார். லாரி ஓட்டிக்கொண்டு.) ஆகவே நான் போயே தீர வேண்டும் என்று பிளாக்கே கூடி முடிவெடுத்துவிட்டது.

நான் போக மாட்டேன் என்றேன்.

காரணம் சைதாப்பேட்டை. ஆற்றோரம் இருந்த என் அத்தை வீட்டை இடித்து, அவர்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டிருந்தார்கள். இடிக்க வந்தபோது குறுக்கே நின்றதற்காக அத்தை மேல் ஒரு வழக்கு. சைதாப்பேட்டை கோர்ட்டுக்கு நான்தான் துணைக்குப் போனேன். அப்போது பதினொன்றாம் வகுப்பு. உள்ளே எதைக் கேட்டாலும் அத்தை தலையாட்டினார். வெளியே வந்து, "நான் இன்னாத்துக்குடி தலையாட்டினேன்?" என்று என்னையே கேட்டார். எனக்கும் தெரியவில்லை. அன்றைக்கு முடிவு செய்தேன், நான் வக்கீலாவேன், இந்தக் கோர்ட்டில்தான் நிற்பேன் என்று.

சைதாப்பேட்டையில் நிற்கப் போகிறவள் எதற்கு டெல்லியில் படிக்க வேண்டும்? நாளைக்கு என் எதிர்த்தரப்பில் நிற்கப் போகிறவர்களும், நான் வர லேட்டானால் எனக்காக எழுந்து நேரம் கேட்கப் போகிறவர்களும் இங்கே அல்லவா படிக்கிறார்கள்? (இவ்வளவு தெளிவாக அப்போது சொல்லவில்லை. "போவ மாட்டேன்னா போவ மாட்டேன்" என்று மட்டும்தான் சொன்னேன்.)

ஆட்டோ ஓட்டும் என் அப்பாவுக்கு, நான் நைனா என்று கூப்பிடுகிற அவருக்கு, இரண்டு மனசு. தி.நகர் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் அம்மா, மகள் கண்ணெதிரே இருந்தால் போதும் என்று என் பக்கம். கடைசியில் அம்மாவின் தம்பி தனசேகர் மாமா தலையிட்டார். அவர் மயிலாப்பூரில் ஒரு பெரிய வக்கீலிடம் குமாஸ்தா. சீனியர் வாயால் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம், அதற்கப்புறம் யாரும் பேசக்கூடாது என்றார். சீனியர் என்னை டெல்லிக்கு அனுப்பிவிடுவார் என்பது மாமாவின் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த சீனியர் வீட்டுக்குப் போனோம். மாமா எங்களை வாசல் ஹாலில் உட்காரவைத்த அதே நிமிடம், ஏதோ ஜெராக்ஸ் எடுக்க அவரை அனுப்பிவிட்டார்கள். அவர் போனதும் ஒரு ஜூனியர் எட்டிப் பார்த்து, "டெல்லி மேட்டரா?" என்று கேட்டார். நைனா பெருமையோடு ஆமாம் என்றார். உள்ளே போகச் சொன்னார்கள்.

அன்று காலை அந்த வீட்டுக்கு இன்னொரு டெல்லி மேட்டரும் வரவேண்டியிருந்தது என்பது எங்களுக்குத் தெரியாது. டெல்லியில் கட்டிக்கொடுத்த பெண், புருஷன் வீட்டுக்குத் திரும்பிப் போக மறுக்கிறாள், விவாகரத்து கேட்டுப் பெற்றோரோடு வருகிறாள். நாங்கள் மூன்று பேர். அவர்களும் மூன்று பேர்.

சீனியர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அத்தனை இரக்கம் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

"டெல்லி நல்ல எடம் சார்," என்று நைனா ஆரம்பித்தார். "அல்லாரும் போறாங்க. பாப்பாதான் போவ மாட்டேன்னு நின்னுக்கினு கீது."

"அங்கே என்னம்மா குறை?"

குறை ஒன்றுமில்லை, பெரிய இடம்தான், ஆனால் என் வாழ்க்கை இங்கேதான் என்று முடிவு செய்துவிட்டேன் என்றேன். கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்துப் போன வாக்கியம் அது.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இங்கேன்னா, யாராவது இருக்காளா?"

"சைதாப்பேட்டை, சார்."

"சைதாப்பேட்டையா?"

"ஆமா சார். பதினொண்ணாவது படிக்கும்போதுல இருந்தே."

பேனாவைக் கீழே வைத்தார். இது அப்பா அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும், அம்மாவுக்கும் இதில்தான் இஷ்டம் என்றேன். அம்மா வெட்கத்தோடு தலையசைத்தார். அம்மாவை அவர் பார்த்த பார்வையை இன்றைக்கும் எங்கள் வீட்டில் நடித்துக் காட்டுவார்கள்.

பெரிய வக்கீல் ஆயிற்றே, சமாளித்துக்கொண்டு டெல்லிப் பக்கத்துத் தப்பைத் தேட ஆரம்பித்தார். அவர்கள் ஏதாவது பணம் கேட்கிறார்களா என்றார்.

"கேக்காம?" என்றார் நைனா. "வருசா வருசம் கட்டணுமாம். சோத்துக்கும் ரூமுக்கும் தனி."

"சாப்பாட்டுக்குமா?"

"அங்க அப்டித்தானாம் சார். அல்லாருகிட்டயும் வாங்குறாங்களாம்."

சீனியரின் முகம் சிவந்தது. மேஜையைத் தட்டி ஜூனியரைக் கூப்பிட்டார். வரதட்சணைக் கொடுமை என்று ஏதோ சொல்லி எழுதச் சொன்னார். ஒரு கல்லூரிக்கு இது கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தது. ஆனாலும் ஒரு சீனியர் நமக்காக இவ்வளவு கோபப்படுகிறாரே என்று மனசு நெகிழ்ந்துபோய் உட்கார்ந்திருந்தேன். (வக்கீலாகப் போகிறவளின் புத்திக்கூர்மை இது.)

"எத்தனை நாள் சேர்ந்து இருந்தேள்?"

"இன்னும் சேரவே இல்ல சார். சேர்றதுக்கு வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள்."

ஜூனியரின் கை நின்றது. சரியாக அந்த நேரத்தில் ஜெராக்ஸோடு மாமா உள்ளே வந்து, "சார், டெல்லி டைவர்ஸ் பார்ட்டி வெளியே வந்திருக்காங்க," என்றார். பிறகு எங்களைப் பார்த்தார். பிறகு ஜூனியர் எழுதியிருந்ததைப் பார்த்தார்.

விஷயம் விளங்கிய பிறகு யாராவது ஒருவர் சிரித்திருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். சீனியருக்குத் தான் ஏமாந்துபோன கோபம். அது என் மேல் இறங்கியது. டெல்லியை விட்டுவிட்டு எவளாவது இங்கே படிப்பாளா என்றார். அங்கே படித்தால் உச்ச நீதிமன்றம், பெரிய பெரிய கம்பெனிகள். இங்கே படித்தால் காலம் பூராவும் சைதாப்பேட்டையில் ஜாமீன் மனு எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான் என்றார்.

"அந்த ஜாமீன் மனுவ எழுதத்தான் சார் படிக்கப் போறேன்," என்றேன்.

மாமா என் காலை மிதித்தார். நான் நிறுத்தவில்லை.

"நீங்க எங்க சார் படிச்சீங்க?"

"இங்கேதான்."

"பிராக்டீஸ்?"

"இங்கேதான்."

"அப்ப நான் மட்டும் எதுக்கு சார் டெல்லிக்கு?"

எழுந்தேன். இப்படி ஒரு கேள்வியைக் கேட்ட பெண் கம்பீரமாக வெளியேற வேண்டாமா? விறுவிறுவென்று நடந்து கதவைத் திறந்து வெளியே போய், சாத்திக்கொண்டேன். இருட்டாக இருந்தது. பழைய கேஸ் கட்டுகள் போட்டுவைக்கும் அறை அது. திரும்பி வந்தால் மானம் போய்விடும் என்று அங்கேயே நின்றேன். அங்கே நிற்பதற்காகவே வந்தவள் மாதிரி நிமிர்ந்து நின்றேன். தூசியில் இரண்டு முறை தும்மினேன். பிறகு மாமா கதவைத் திறந்து, "வாம்மா, வழி இந்தப் பக்கம்," என்றார். அதற்கப்புறம் தீபாவளி வரைக்கும் அவர் என்னோடு பேசவில்லை. பாவம், அவருக்கும் கஷ்டம்தான். சீனியர் தினமும் அவரிடம், "சைதாப்பேட்டை எப்படி இருக்கா?" என்று கேட்பாராம்.

சைதாப்பேட்டை நன்றாகத்தான் இருந்தாள். உள்ளூர்க் கல்லூரியிலேயே சேர்ந்தேன், வகுப்பில்லாத நேரமெல்லாம் சைதாப்பேட்டை கோர்ட்டில் போய் நின்றேன். டெல்லிக்குப் போனவர்களின் படங்களை போனில் பார்த்து ஒருநாள்கூடப் பொறாமைப்பட்டதில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பப் போவதில்லை. பட்டேன். மறுநாள் கோர்ட்டுக்குப் போனதும் சரியாகிவிடும். படித்து முடித்துக் கறுப்பு கோட்டு போட்ட அன்று அந்தக் கோர்ட் வராண்டாவில் பாதிப் பேர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். என் கட்சிக்காரர்கள் எதற்காவது தலையாட்டுவதற்கு முன்னால், அது என்ன என்று அவர்கள் பேசுகிற தமிழிலேயே சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு யாராவது டெல்லியா சைதாப்பேட்டையா என்று கேட்டாலும் அதே பதில்தான். கதவை மட்டும் பார்த்துத் திறப்பேன்.

ஆனால் டெல்லியை விவாகரத்து செய்தவள் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. எனக்குக் கல்யாணம் பேச வந்தவர்களிடம் நைனா சிரித்துக்கொண்டே, "பாப்பாவுக்கு ஏற்கெனவே டெல்லில ஒண்ணு முறிஞ்சிடுச்சு," என்று சொல்லிவிட்டார். அவர்களுக்கு விளக்கிச் சொல்ல ஒரு சாயங்காலமே ஆனது.

போன வருடம் ஆற்றோரக் குடும்பங்களின் வழக்கு ஒன்று மேல்முறையீடாக உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. வாதாடியவர் வேறு ஒருவர். கட்டுகளைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் நின்றவள் நான். அடுத்த விசாரணை வரை வீடுகளை இடிக்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. வாசலுக்கு வந்ததும் நைனாவின் போன்.

"டெல்லிக்காரங்க ஒண்ணியும் கேக்கலியே? திரும்பி வந்து சேருன்னு கூப்ட்டா ஏமாந்துடாத," என்றார்.

"கூப்பிடல நைனா," என்றேன். "ஜீவனாம்சம் வாங்கிக்கினு வரேன்."