ஏலராணியின் கால்

"என் காலை எதுக்கு மாமா சரிபண்ணுனீக?"

படம் முடிந்ததும் செல்லக்கிளி கேட்ட முதல் கேள்வி அது. 'நல்லாருக்கு' என்ற ஒரு சொல்லுக்காகக் காத்திருந்த சுருளிக்கு முகம் தொங்கிப்போனது.

போடியில் பிளக்ஸ் கடை ஒன்றில் கோட்டுப்படம் போடுகிறவன் சுருளி. அவன் மனைவி செல்லக்கிளி ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்குகிறவள். சின்ன வயதில் வந்த போலியோவால் இடது கால் சூம்பிவிட்டது. கட்டை ஊன்றி நடப்பாள். ஞாயிற்றுக்கிழமை மாற்றுத்திறனாளிகள் சங்கத்தின் ஆண்டு விழா. சங்கச் செயலாளரே அவள்தான். அங்கே போடுவதற்காகச் சுருளி கம்ப்யூட்டரில் ஒரு கார்ட்டூன் செய்திருந்தான். நாயகி ஏலராணி, கட்டை ஊன்றி நடக்கிற பெண். குரங்கணி மலையில் மின்னல் தாக்கிச் சக்தி வந்ததும் கால் நேராகி, கட்டையை வீசிவிட்டுப் பறப்பாள்.

"கால் சரியானாத்தான் சக்தி வரும்னா, எனக்கு எந்தக் காலத்துலயும் வராதுல்ல?" என்றாள் செல்லக்கிளி.

அது நியாயமாகத்தான் பட்டது. சுருளி கட்டையைத் திருப்பிக் கொடுத்து, அதையே துப்பாக்கி ஆக்கினான். அதைத் தூக்கிச் சுடுகிற நேரத்தில் ராணி எதை ஊன்றி நிற்பாள் என்று கேட்டாள். உடனே ராணியை நாற்காலியில் உட்காரவைத்து, மூளையாலேயே எதிரிகளை விழவைத்தான். பாவம், படம் முழுக்க வீட்டுக்குள்ளேயே கிடக்கிறாளே, கடை கண்ணிக்குப் போகவே மாட்டாளா என்றாள். ராணியைத் தொட்டால்தானே வம்பு என்று வில்லனிடம் போனான். பயங்கரமாக இருக்கட்டும் என்று அவனுக்கு ஒரு கண்ணைப் பறித்தான். சங்கத் தலைவர் சிவக்குமார் அண்ணனுக்குப் பார்வை கிடையாது, முன்வரிசையில் உட்காருவார் என்று அவள் ஞாபகப்படுத்தினாள். வில்லனுக்கு மறுபடியும் இரண்டு கண் வந்தது.

சுருளி கையைத் தூக்கிவிட்டான். "அப்ப அவ என்னதான் செய்யணும்?"

"பறக்கட்டும். கட்டையும் கூடவே பறக்கட்டும். எறங்குனதும் ஊனிக்கிட்டு நடந்து வரட்டும். நான் ஸ்கூட்டரை விட்டு எறங்கி அப்படித்தான மாமா வர்றேன்?"

இவ்வளவு எளிய யோசனை தனக்கு ஏன் வரவில்லை என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது. கடைசிக் காட்சியை முழுக்க மாற்றி வரைந்தான்.

அந்தக் காட்சிக்கு வண்ணம் மட்டும் பாக்கி. அதில் சுருளிக்கு வெகுநாள் வருத்தம் ஒன்று உண்டு. அவன் வண்ணம் பூச உட்கார்ந்தால் செல்லக்கிளியும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, திரையில் இந்தக் கலர்க் கட்டம், அந்தக் கலர்க் கட்டம் என்று விரலால் தொட்டுக் காட்டுவாள். காலையில் அவன் சட்டையை எடுத்து வைப்பதும் அவள்தான், சந்தையில் தக்காளி பொறுக்குவதும் அவள்தான். எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்கிற பெண்டாட்டி. அவன்தான் ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டான். கல்யாணத்துக்கு முன்னால் அதே ஏலக்காய்க் கடையில் அவனும் வேலைக்குச் சேர்ந்தான். பச்சைக் காயோடு பழுப்புக் காயைக் கலந்துவிட்டான் என்று அன்று சாயங்காலமே அனுப்பிவிட்டார்கள். எதிரே இருந்த செல்லக்கிளியை விட்டுக் கண்ணை எடுக்காததால் வந்த வினை என்று இன்றைக்கும் ஊரெல்லாம் பெருமையடிப்பான்.

சனிக்கிழமை அவள் சிலமலைக்கு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். கலரைத் தொடவேண்டாம், வந்துவிடுகிறேன் என்று போனில் சொன்னாள். "ஒனக்கு ஒரு சோலியும் இல்ல, நாளைக்கு விழாவுல பாரு" என்றான் சுருளி. யார் விரலும் படாமல், தன் இஷ்டப்படி கடைசிக் காட்சிக்கு அவனே வண்ணம் பூசினான். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அவன் வேலை பார்த்ததில்லை.

விழாவில் படத்துக்கு முன் அவனைப் பேசச் சொன்னார்கள். "எனக்குன்னு ஒரு குறையும் கெடையாது. உங்க கஷ்டம் எனக்கு எப்படித் தெரியும்? செல்லி சொல்லித்தான் தெரிஞ்சுக்கிட்டேன்" என்றான். செல்லக்கிளியோடு காய் பொறுக்குகிற மொக்கம்மாள் இரண்டாம் வரிசையில் இருமினாள்.

படம் நன்றாகத்தான் போனது. ஏலராணி கட்டையோடு பறக்கத் தொடங்கியதும் மண்டபமே சிரித்தது. சிவக்குமார் பக்கத்து ஆளிடம் விவரம் கேட்டு, எல்லோருக்கும் கடைசியாக, எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தார். சுருளி திரையை உற்றுப் பார்த்தான். அங்கே சிரிக்க ஒன்றும் இல்லை. அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

செல்லக்கிளி கட்டையை ஊன்றி மேடையேறி மைக்கை வாங்கினாள்.

"சக்தி வந்தா மலையில இருக்குற பச்சையெல்லாம் ராணி ஒடம்புல ஏறிரும். அதான் மொகம் பச்சையா இருக்கு, மலை காஞ்சு கெடக்கு. அந்தக் கலரு நான் சொன்னது."

ஓகோ என்று கைதட்டல் எழுந்தது. இறங்கி வந்தவள் சுருளியின் தோளைப் பிடித்துக்கொண்டு, "நல்லாருக்கு மாமா" என்றாள்.

அந்தச் சொல் கிடைத்தும் சுருளிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ராணியை மாநிறமாகவும் மலையைப் பச்சையாகவும்தானே அவன் பூசியிருந்தான்? ஊரில் இல்லாதவள் எப்படிக் கலர் சொல்லியிருக்க முடியும்? அவள் விருந்தாளிகளைக் கவனிக்க நகர்ந்ததும், மொக்கம்மாளிடம் போய், செல்லி எதற்குப் பொய் சொன்னாள் என்று கேட்டான்.

மொக்கம்மாள் அவன் கன்னத்தைத் தடவினாள்.

"அப்பு, அன்னைக்கு நீ காயைக் கலந்தது அவளைப் பார்த்ததால இல்ல, ஒனக்குப் பச்சையும் பழுப்பும் ஒண்ணாத்தான் தெரியுதுன்னு அவ அன்னைக்கே கண்டுக்கிட்டா, ஒன்கிட்டச் சொல்லக்கூடாதுன்னு எங்க அத்தனை பேர்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டுத்தான் ஒன்னையக் கட்டிக்கிட்டா."