எரிமலைக்குத் தூரத்துச் சொந்தம்

கதவு மூன்றாவது முறையாகத் தட்டப்பட்டபோது நௌமான் மனைவியிடம் பாதிப் பேச்சில் இருந்தான்.

"அண்ணே, ஐஸ் தண்ணி," என்றாள் தங்கை ஷிபா வெளியிலிருந்து.

கல்யாணமாகி இரண்டு மாதம். ஜெஸிமாவின் சீர்வரிசையோடு திண்டிவனத்திலிருந்து ஒரு பெரிய ஃப்ரிட்ஜ் வந்திருந்தது. செஞ்சி கடைத்தெருவுக்குப் பின்னாலிருந்த அந்தப் பழைய வீட்டில், அதைத் தாங்கும் பிளக் பாயிண்ட் புதுமணத் தம்பதியின் அறையில் மட்டும்தான் இருந்தது. ஆகவே அத்தா தாவூத்துக்கு மாத்திரை போட ஜில் தண்ணீர், அம்மா அசீசுன்னிசாவுக்குத் தயிர், ஷிபாவுக்கு எந்நேரமும் ஐஸ் என்று கதவு தட்டப்பட்டுக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டு மீனம்பாளின் இட்லி மாவும் அதில்தான் குடியிருந்தது. மீனம்பாள் கதவைத் தட்டுவதில்லை. இருமிவிட்டு உள்ளே வந்துவிடுவாள்.

ஜெஸிமாவுக்கு என்ன நிறம் பிடிக்கும் என்பதுகூட நௌமானுக்கு இன்னும் தெரியாது. கேட்க வாயெடுக்கும்போதெல்லாம் யாருக்காவது தாகம் எடுத்தது.

வெளியே கூட்டிப்போயும் பார்த்தான். பாண்டிச்சேரி கடற்கரை என்று சொன்ன மறுநிமிடம் வீடே செருப்பு மாட்டிக்கொண்டு நின்றது. அன்று மாலை கடலைப் பார்த்தபடி அவனுக்கும் ஜெஸிமாவுக்கும் நடுவில் உட்கார்ந்து அத்தா சுண்டல் சாப்பிட்டார்.

அத்தாவின் இரும்புச் சாமான் கடையில், ஆணி எடை போடாத நேரமெல்லாம் நௌமான் மொழிபெயர்ப்பு நாவல் படிப்பான். அந்த வாரம் படித்ததில் ஒருவனும் ஒருத்தியும் ஏதோ வடகடல் தீவில், ஆறிப்போன எரிமலைக் குழம்பின் மேல் பகல் முழுக்க நடந்தார்கள். கறுப்புப் பாறை, காற்று, பேச்சு. அத்தனை பக்கத்திலும் ஒரு சொந்தக்காரர்கூட எதிரே வரவில்லை. நௌமான் புத்தகத்தை மூடிவிட்டு, கடைக்கு வெளியே குவிந்துகிடந்த பாறை மலைகளைப் பார்த்தான். எந்தக் குடும்பமும் பின்தொடராத இடம் எது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

அன்று இரவுச் சாப்பாட்டில் அறிவித்தான். "ஞாயித்துக்கெழம நானும் ஜெஸிமாவும் எரிமலப் பாறையில நடக்கப் போறோம். பனமலைப் பக்கம்."

நிழல் கிடையாது, கடை கிடையாது, பகல் முழுக்க நடை என்று அடுக்கினான். தனக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது, பத்திரமாகப் போய் வாருங்கள் என்றாள் அசீசுன்னிசா. நௌமானுக்கு நெஞ்சு லேசானது.

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த ஜெஸிமா மெதுவாகச் சொன்னாள். "பரவால்ல மாமி. பசிச்சா வழியில பன்னு வாங்கித் தின்னுக்கறோம்."

அசீசுன்னிசாவின் கை சோற்றிலேயே நின்றது. "பன்னா? வீட்டுக்கு வந்த மருமவ பன்னு தின்னுச்சுன்னு தெரிஞ்சா திண்டிவனத்துல என்னப் பத்தி இன்னா பேசுவாங்க?"

பிரியாணி முடிவானது. பிரியாணி போகும் இடத்துக்கு அதைச் செய்தவளும் போவது என்று அடுத்த வாய்க்குள் முடிவானது.

மறுநாள் நௌமான் ஆபத்தைக் கூட்டினான். அந்தப் பாறை கண்ணாடிச் சில்லு மாதிரி, செருப்பையே அறுத்துவிடும், நல்ல ஷூ இல்லாமல் ஒரு அடி வைக்க முடியாது என்றான். அத்தாவைப் பற்றி அவனுக்குக் கவலையே இருக்கவில்லை. மகன் நிக்காஹ் அன்றைக்கே மதியம்வரை கடையில் இருந்தவர் அவர்.

மாமனாருக்கு டீ கொடுத்த ஜெஸிமாவும் அதையேதான் சொன்னாள். "மாமா எப்டி வருவாங்க? கடையச் சாத்தணும். அதுவுமில்லாம, இந்த வயசுல மலையெல்லாம் ஏற முடியுமா?"

சாயங்காலம் தாவூத் புது வெள்ளைக் கேன்வாஸ் ஷூவோடு வந்தார். கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கைவீசி நடந்து காட்டினார். ஒவ்வொரு திருப்பத்திலும் மருமகளை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

அங்கே போனில் சிக்னல் வராது என்று ஷிபாவிடம் சொன்னான். அவள் முகம் சுருங்கியது. எரிமலையில் ரீல்ஸ் எடுத்தவர்கள் செஞ்சியில் யாருமே இல்லை போலிருக்கிறது என்று ஜெஸிமா யாரிடமோ சொல்வது போல் சொன்னாள். எடுத்து வைத்துக்கொண்டு ஊருக்கு வந்து போட்டால் போயிற்று என்று ஷிபா புதுத் துப்பட்டா எடுக்கக் கிளம்பினாள்.

கடைசியாக, பாறைக்கு அடியில் இன்னும் நெருப்பு இருக்கிறதாம் என்றும் சொல்லிப் பார்த்தான். அன்று இரவே அறையில் இருமல் கேட்டது.

"உள்ள நெருப்பு இருக்குதாமே, ஜெஸிமா சொல்லுச்சு," என்றாள் மீனம்பாள், மாவை எடுத்தபடி. அவள் பௌர்ணமி தவறாமல் திருவண்ணாமலை சுற்றுகிறவள். "நெருப்பு மலைன்னா சுத்தாம வுடக் கூடாதுப்பா. வேன்ல எனக்கும் ஒரு எடம் போடு."

தன் மனைவி இவ்வளவு வெகுளியாக இருக்கிறாளே என்று நௌமானுக்கு வருத்தமாக இருந்தது. எப்போதாவது தனிமை கிடைத்தால், எதை யாரிடம் சொல்லக் கூடாது என்று முதலில் அவளுக்குக் கற்றுத் தரவேண்டும்.

நொந்துபோய் நண்பன் சாந்திகுமாரைத் தேடிப் போனான். நோட்டுப் புத்தகக் கடை வைத்திருந்த சாந்திகுமார், பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடும் சமணக் குடும்பத்துப் பையன். கல்லாவுக்குப் பின்னால் டிபன் கேரியரைத் திறந்துவைத்து அவசரமாகச் சாப்பிட்டுக்கொண்டே முழுவதையும் கேட்டான். அவனுக்குப் புரை ஏறியது.

"எரிமலையா? அடப்பாவி, இது கருங்கல்லுடா. எரிமலைன்னா குழம்பு வெளிய வந்து ஆறணும். இது பூமிக்குள்ளயே உருகி, வெளிய வராம உள்ளயே ஆறிப்போனது. வேணும்னா எரிமலைக்குத் தூரத்துச் சொந்தம்னு வெச்சுக்கோ."

"அங்கயும் சொந்தமா?" என்றான் நௌமான் ஈனக்குரலில். உள்ளேயே உருகி உள்ளேயே ஆறுவது அவனுக்கும் பழகிய காரியமாகத்தான் இருந்தது.

உண்மையைச் சொல்லிவிடு, சாதாரணப் பாறையைப் பார்க்க யார் வரப்போகிறார்கள் என்றான் சாந்திகுமார். நௌமான் வீட்டுக்குப் போய்ச் சொன்னான். அது எரிமலையே இல்லை, நம் வீட்டுக் கொல்லையிலிருந்து தெரிகிற அதே கல்தான்.

கூடத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. அப்படியானால் பயமில்லை என்றாள் அசீசுன்னிசா. இத்தனை நாளும் ஆயத்துல் குர்ஸி ஓதிக்கொண்டே வெங்காயம் உரித்தாளாம். பயமில்லை என்றால் இன்னும் கொஞ்சம் அரிசி போடலாம் என்றார் தாவூத்.

ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலை பஜ்ர் தொழுதுவிட்டு வந்தபோது வாசலில் வேன் நின்றது. டிரைவர் அன்புமணி பீடியை அணைத்துவிட்டு வணக்கம் வைத்தான். நல்ல வேனாகப் பிடித்திருக்கிறாய் என்று அத்தா மகனைத் தட்டிக்கொடுத்தார். அத்தாதான் பிடித்தார் என்று நினைத்திருந்த நௌமான், எதையும் யோசிக்கிற நிலையில் இல்லை.

பிரியாணி தேக்சா ஏறியது. ஃப்ரிட்ஜிலிருந்த தண்ணீர் பாட்டில் அத்தனையும் ஏறியது. கரண்ட் போனாலும் போகும் என்று ஜெஸிமா மாவுக் குண்டானை முந்தின நாளே மீனம்பாளிடம் திருப்பிக் கொடுத்திருந்தாள். வீட்டுக்கு வந்ததிலிருந்து முதல்முறையாக ஃப்ரிட்ஜ் காலியாக நின்றது.

எல்லோரும் ஏறி உட்கார்ந்த பிறகு ஜெஸிமா நெற்றியைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் நின்றாள். தலைவலி, படுத்தால் சரியாகிவிடும், நீங்களெல்லாம் போய் வாருங்கள் என்றாள்.

அசீசுன்னிசா இறங்கப் பார்த்தாள். "நீங்க இல்லாம பிரியாணிய யாரு மாமி பதமா எடுத்து வெப்பாங்க?" என்றாள் ஜெஸிமா. அசீசுன்னிசா மறுபடி உட்கார்ந்தாள்.

"நான் கூட இருக்கறேன்," என்று நௌமான் காலைக் கீழே வைத்தான்.

"எரிமல உன்னுது," என்றார் தாவூத், ஷூ லேஸைக் கட்டியபடி. "வழி காட்றவன் வூட்ல இருந்துட்டா நாங்க எங்கப்பா போறது? ஏறு."

கடைசி சீட்டில், தேக்சாவுக்கும் மீனம்பாளுக்கும் நடுவில் இடம் கிடைத்தது. தொடையோரம் பிரியாணி சுட்டது. வாசலில் ஜெஸிமா சின்னதாகிக்கொண்டே போனாள். யாருமற்ற பாறைவெளிக்கு அவன் தன் மொத்தக் குடும்பத்தோடு போகிறான். யாருமற்ற வீட்டில் அவள் மட்டும் இருக்கிறாள். நாவலில் இப்படியெல்லாம் நடப்பதில்லை.

ஊர் எல்லைக் கூட்ரோட்டில் வேன் ஓரங்கட்டி நின்றது. பின் டயரில் காற்று இறங்கின மாதிரி இருக்கிறது, நௌமான் பாய் கொஞ்சம் வந்து பார்க்கட்டும் என்றான் அன்புமணி. நௌமான் இறங்கிப் பின்பக்கம் போனான். டயர் கல் மாதிரி இருந்தது.

அன்புமணி குரலைத் தாழ்த்தினான். "வண்டி புடிச்சது அண்ணி. 'ஒருத்தர் வுடாம ஏத்திக்கோங்க, பொழுது சாயற வரைக்கும் திருப்பிக் கூட்டியாராதீங்க, அவர மட்டும் கூட்ரோட்டுல எறக்கி வுட்டுடுங்க. பொஸ்தகம் படிக்கிறவரு, ஒடனே புரியாது, ரெண்டு தபா சொல்லுங்க'ன்னாங்க. வூட்டுக்குப் போங்க பாய். வூட்டுக்குப் போங்க."