கண்ணாடிக் கதவுக்கு விழுந்த உதை

ஒரு காட்டில் தண்ணீர்த் துறை அலுவலகம் ஒன்று இருந்தது. எந்த விலங்கு எந்த நேரத்தில் குளத்துக்கு வரலாம் என்பது அங்கேதான் முடிவாகும். அதன் வாசலுக்குப் புதிதாகக் கண்ணாடிக் கதவு போட்டு, கதவு இருப்பதே தெரியாத அளவுக்குத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தார்கள்.

அங்கே வேலை பழகிக்கொண்டிருந்தாள் அல்லி என்ற சருகுமான். அவள் வம்சத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். வேலை நிரந்தரமா இல்லையா என்று மேலாளர் யானை அன்றைக்குத்தான் சொல்லப்போகிறார். என்ன கேட்பாரோ, என்ன பதில் சொல்வதோ என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தவள், கதவில் போய் டமாரென்று மோதினாள். மூக்கு நாவல்பழம் மாதிரி வீங்கிவிட்டது.

உள்ளே கரடி அண்ணன் பார்த்துச் சிரித்தார். அவர் நெற்றியிலும் ஒரு புடைப்பு உண்டு. புலியோடு நடந்த சண்டையில் வந்தது என்பார். மயில் அக்காவின் அலகு கோணியிருக்கும். ஆடும்போது சுளுக்கிக்கொண்டதாம். அலகு எப்படிச் சுளுக்கும் என்று கேட்க அல்லிக்குத் தைரியம் வந்ததில்லை.

“மேலாளர் கேட்டா தேனீ கொட்டிடுச்சுன்னு சொல்லு பாப்பா. கதவுன்னு மட்டும் வாயைத் திறக்காதே” என்றார் கரடி.

“பொய் சொன்னா எனக்குக் காது துடிக்கும் அண்ணே. கண்டுபிடிச்சிடுவாரு.”

யானை கேட்டார்: “மூக்குல என்னம்மா?”

“கதவுல மோதிட்டேன் ஐயா. தப்பு என்மேலதான். பார்க்காம நடந்துட்டேன்.”

யானை பெருமூச்சு விட்டார். “இவ்வளவு பெரிய கதவே தெரியலைன்னா, கோப்புல இருக்கிறது எப்படிம்மா தெரியும்? நிரந்தரம் பண்றது கஷ்டம்தான்.”

அல்லியின் கண் கலங்கியது. அந்த நேரம் பார்த்து, யாரோ கதவைத் திறந்து பிடிக்க, சாப்பாட்டுத் தூக்கோடு அவள் அம்மா உள்ளே வந்தாள். மகளின் மூக்கைப் பார்த்ததும் தூக்கு கீழே விழுந்தது.

“ஐயோ, எது இடிச்சுது?”

அல்லி தயங்கித் தயங்கி வாசலைக் காட்டினாள்.

பிள்ளை எதில் இடித்துக்கொண்டாலும், முதலில் அதை அடித்துவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்குவது அவர்கள் வீட்டு வழக்கம். பாறை, புற்று, புளியமரம் எல்லாமே வாங்கியிருக்கின்றன. அம்மா நேராகப் போய்க் கதவை ஓங்கி உதைத்தாள்.

“என் புள்ளைய இடிப்பியா? இனிமே இடிப்பியா?”

அல்லிக்கு அப்படியே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. யானை எழுந்தார். தொலைந்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

“அம்மா...” யானை தன் தந்தத்தை நீட்டிக் காட்டினார். “அது என்னையும் இடிச்சுது.”

தந்தத்தின் நுனி உடைந்திருந்தது. போரில் உடைந்தது என்றுதான் காடே நம்பியிருந்தது.

“அட என் ராசா! இங்க வா.” அவருக்காகவும் ஓர் உதை விட்டாள் அம்மா. “சரியாப்போச்சு, போ.”

கரடி அவர் பின்னால் வந்து நின்றார். “எனக்கும் புலியெல்லாம் இல்லக்கா...” கரடிக்குப் பின்னால் மயில். கொஞ்ச நேரத்தில் வரிசை குளம்வரை நீண்டது. முண்டியடித்த காட்டெருமையை, “ஏன், உனக்கு மட்டும்தான் வலிக்குதா?” என்று ஓணான் அதட்டியது.

மாலையே உத்தரவு வந்துவிட்டது. கதவை உதைக்கும் வேலை அம்மாவுக்கு நிரந்தரம்.

“ஐயா, கதவையே எடுத்துட்டா யாருக்கும் அடிபடாதே?” என்றாள் அல்லி.

“எடுத்துட்டா உங்க அம்மா வேலை போயிடுமேம்மா?”

“அப்போ என் வேலை?”

யானை சங்கடமாகத் தும்பிக்கையைத் தடவிக்கொண்டார். “எங்க எல்லாரையும் கதவு இடிச்சுது. நீ ஒருத்திதான்மா போய்க் கதவை இடிச்சிருக்கே. உன் வாயாலேயே சொன்னியே.”

நீதி: எதிலாவது இடித்துக்கொண்டால் அவசரப்பட்டு உண்மையைச் சொல்லிவிடாதீர்கள். அம்மா வரட்டும்.