தாழ்ப்பாள் சுற்றறிக்கை

சர்க்குலருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. காகிதம் எடுப்பார்.

காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் பதினெட்டு வருஷம் சுற்றறிக்கை எழுதி எழுதியே பிரிவுத் தலைவர் ஆனவர் அவர். கைகழுவும் குழாயை மூடுவது எப்படி என்று மூன்று பக்கத்துக்கு, பத்தி, உட்பத்தி எல்லாம் போட்டு எழுதியவர். ஆபீசில் அவருக்குப் பெயரே சர்க்குலர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு ஹாலில் உட்கார்ந்து அவர் காகிதம் எடுத்தபோது, மனைவியும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு ரோஜாப்பூ. செடியில் பூத்தால் யாருக்கும் தொந்தரவில்லை. இது போனில் பூத்தது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஃபிரிட்ஜ் ரிப்பேருக்கு ஒரு மெக்கானிக் வந்தான். ஃபிரிட்ஜ் குளிர்ந்துவிட்டது. மெக்கானிக்குக் குளிரவில்லை. மறுநாளிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு மனைவியின் போனில் பனித்துளியோடு ஒரு ரோஜா. அடியில், ‘குட் மார்னிங் மேடம். சாப்டாச்சா?’ ஆறு மணிக்கு எந்த வீட்டில் சாப்பிட்டு முடித்திருப்பார்கள்? மனைவி அந்த எண்ணைத் தடுத்தார். வேறு எண்ணில் வந்தது. அதையும் தடுத்தார். மூன்றாவது எண்ணில் இரண்டு ரோஜா வந்தது.

அந்த அம்மாள் சும்மா இருக்கிற ஆள் இல்லை. வீட்டிலிருந்தபடி கம்ப்யூட்டர் வழியாகப் பதினான்கு பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பவர். தெரு முழுக்க அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும். முதல் ரோஜாவுக்கே சர்வீஸ் கம்பெனிக்குப் போன் போட்டுவிட்டார். ‘அக்கவுண்ட் சார் பேர்ல இருக்கு மேடம், சார்தான் புகார் கொடுக்கணும்’ என்றார்கள். ரோஜா வாங்குவது டீச்சர், புகார் கொடுக்க வேண்டியது சார்! இந்த நியாயத்தை எந்தப் புத்தகத்தில் படித்தார்களோ தெரியாது. இருந்தாலும் டீச்சர் போனை எடுத்துக்கொண்டு சாரிடம் போனார்.

“என்னங்க, இதப் பாருங்க.”

சர்க்குலர் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

“நீ அவன்கிட்ட ஏதாவது சிரிச்சுப் பேசினியா?”

இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அவர் கேட்ட கேள்விகளிலேயே இது மட்டும் டீச்சரின் நெஞ்சில் போய் ஆணியடித்தது போல நின்றது.

“ஃபிரிட்ஜ்ல கேஸ் போயிடுச்சான்னு கேட்டேன்.”

“எப்படிக் கேட்ட?”

“வாயாலதான்.”

“அதான் பாரு!”

“எதப் பாக்கறது? என் நம்பர் அவனுக்கு எப்படிப் போச்சு? புக் பண்ணினது நீங்க. பேர் உங்க பேர். நம்பர் மட்டும் ஏன் என் நம்பர்?”

“பின்ன? என் நம்பரக் கொடுத்தா கண்டவனும் கூப்பிடுவான். எனக்குன்னு ஒரு பிரைவசி வேணாமா?”

இதைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. கேஸ் கம்பெனி, தண்ணி கேன், சோபா கழுவுகிறவன், கரப்பான் மருந்து அடிக்கிறவன், செருப்புக் கடைக் குலுக்கல் என்று ஊர் முழுக்க மனைவியின் எண்ணை வாரி இறைத்தவர் அவர். அவருடைய எண் மட்டும் ராணுவ ரகசியம்.

“சரி, போனது போகட்டும். ஒரு புகார் கொடுங்க. ரெண்டு நிமிஷ வேலை.”

“என் பேர்லயா? நாளைக்கே அவன் வீடு தேடி வந்தா? என் பேர் வெளிய வரக் கூடாது. இத வேற மாதிரி தீர்க்கணும்.”

அந்த வேற மாதிரிதான் ஞாயிற்றுக்கிழமை காகிதமாக வந்தது. சர்க்குலர் எழுந்து நின்று படித்தார்.

“சுற்றறிக்கை எண் ஒன்று. பொருள்: பழுது பார்க்க வருவோர் முன்னிலையில் குடும்ப அந்தரங்கம் காத்தல்.”

முதல் நான்கு விதிகளில் மகளால்கூடக் குறை காண முடியவில்லை. பல்கலைக்கழகத்தில் படிக்கிற பெண். கிழக்கில்தான் சூரியன் உதிக்கிறது என்றால்கூட ஆதாரம் கேட்பாள். குடும்பப் படங்களைத் திருப்பி வைக்க வேண்டும், பேரும் விலாசமும் உள்ள கடிதங்களை எடுத்துவிட வேண்டும், கம்ப்யூட்டரை மூட வேண்டும், கொடியில் காயும் துணியை உள்ளே போட வேண்டும். நல்ல விதிகள்தான். ஐந்தாவது வந்தது.

“வீட்டுப் பெண்கள் படுக்கையறையில் இருத்தல் வேண்டும். கதவு வெளிப்புறம் தாழிடப்படும். வேலை முடிந்து ஆள் படியிறங்கும்வரை எக்காரணம் கொண்டும் திறக்கப்படாது.”

“அப்பா! தப்பு பண்ணினவன் வெளிய சுத்துவான், நாங்க உள்ள கிடக்கணுமா?”

“இது பாதுகாப்பு.”

“ஜெயில் வாசல்லயும் அப்படித்தான் சொல்லுவாங்க.”

“பெரியவங்க பேசும்போது குறுக்க பேசாத.”

“வயசு வந்தா நியாயம் வந்துடுமா? நானும் ஓட்டு போடறேன்.”

“ஓட்டு அங்க போடு. இங்க தாழ்ப்பாள் நான் போடறேன்.”

புதன்கிழமை ஏசிக்காரர் வந்தார். லீவு எடுத்து வீட்டிலிருந்த சர்க்குலர் தாழ்ப்பாள் போட்டேவிட்டார்.

மூன்று மணி நேரம். ஹாலில் மூடிக் கிடந்த கம்ப்யூட்டருக்கு அந்தப் பக்கம் பதினான்கு பிள்ளைகள் டீச்சர் வருவார் வருவார் என்று இருண்ட திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகளுக்கு நூலகம் போச்சு. படுக்கையறையில் இருந்தவர்களுக்கு ஹாலில் சர்க்குலர் பேசுவது மட்டும் நன்றாகக் கேட்டது. ஏசிக்காரரின் முதுகுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு அந்தரங்கத்தைக் காத்துக்கொண்டிருந்தவர், சும்மா நிற்க முடியாமல் பேச ஆரம்பித்திருந்தார்.

“வெள்ளிக்கிழமை முடியாதுப்பா, நாங்க ஊர்ல இருக்க மாட்டோம். மூணு நாள் வீடு பூட்டித்தான் கிடக்கும். சாவியா? செருப்பு ஸ்டாண்ட்ல ஒரு பழைய ஷூ இருக்கும், அதுக்குள்ள போட்டுடுவோம். வைஃபை பாஸ்வேர்டா? வொய்ஃப் பொறந்த நாள்தான். தேதி சொல்றேன், எழுதிக்க...”

மகள் உள்ளே ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டே வந்தாள். பதினோரு ரகசியம் தேறியது. அதில் ஒன்று டீச்சரின் வயசு.

தாழ்ப்பாள் திறந்தபோது டீச்சர் சத்தம் போடவில்லை. விவரம் தெரிந்த புருஷனாக இருந்தால் அந்த இடத்திலேயே பயந்திருப்பான். சர்க்குலர், விதி வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டார்.

மறுநாள் மகள் சண்டையை வேறு பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள்.

“அஞ்சாவது விதியில ‘பெண்கள்’னு இருக்கு. இது அப்பட்டமான பாகுபாடு. பொதுவா எழுதுங்க.”

“எப்படி எழுதினாலும் ஒண்ணுதான்.”

“ஒண்ணுன்னா மாத்தறதுல என்ன கஷ்டம்?”

டீச்சர் துணி மடித்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். “அவ சொல்றதும் சரிதானே. ‘வருபவருக்கு எதிர்ப்பாலினத்தவர்’னு போட்டுடுங்க. கேட்கவும் கௌரவமா இருக்கும். உங்களுக்கு என்ன நஷ்டம்?”

சர்க்குலர் யோசித்தார். அவர் பார்த்த மெக்கானிக் அத்தனை பேருக்கும் மீசை இருந்தது. கையை விட்டு எதுவும் போகாமல் தாராள மனசு காட்ட இப்படி ஒரு வாய்ப்பு தினமும் கிடைக்குமா? அடித்துத் திருத்தினார். கையெழுத்துப் போட்டார், தேதி போட்டார், ஆபீஸ் ரப்பர் ஸ்டாம்பையும் குத்தினார். தான் எவ்வளவு நவீனமான மனுஷன் என்று அவருக்கே புல்லரித்தது.

அடுத்த சனிக்கிழமை காலை வாஷிங் மெஷின் ஓடவில்லை.

சர்க்குலருக்கு விடுமுறை. சிறுநீரகக் கல் வராமலிருக்க டாக்டர் சொல்லியிருந்தபடி எழுந்ததும் ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு, செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார். மணி அடித்தது. திறந்தார். அதே சர்வீஸ் கம்பெனியின் நீலச் சட்டை, கையில் கருவிப்பெட்டி, இழுத்துக் கட்டிய கொண்டையோடு ஒரு பெண் நின்றிருந்தார்.

“வாஷிங் மெஷின் சர்வீஸ் சார்.”

“மெக்கானிக் வரலையாம்மா?”

“வந்தாச்சு சார்.”

“எங்க?”

“உங்க முன்னாடிதான் நிக்கறேன்.”

பின்னாலிருந்து டீச்சரின் குரல் தேன் மாதிரி வந்தது. “என்னங்க, விதி அஞ்சு.”

“அது வந்து... இதுக்கில்ல...”

“எதிர்ப்பாலினத்தவர், அப்பா. உங்க கையெழுத்து. உங்க ஸ்டாம்ப்” என்றாள் மகள்.

மூன்றாவது ஆள் முன்னால், சொந்த ஸ்டாம்பை இல்லை என்று எப்படிச் சொல்வது? சர்க்குலர் தலையை நிமிர்த்திக்கொண்டு படுக்கையறைக்குள் போனார். வெளியே தாழ்ப்பாள் விழுந்தது. இதுவரை அந்தச் சத்தத்தை அவர் வெளியே நின்றுதான் கேட்டிருக்கிறார். உள்ளேயிருந்து கேட்டால் அது வேறு மாதிரி இருந்தது.

மெஷினுக்கு ஒரு கோளாறும் இல்லை. தண்ணீர்க் குழாயை யாரோ இறுக்கி மூடியிருந்தார்கள், மூன்று பக்கச் சுற்றறிக்கையில் சொன்னபடியே. “வந்தது வந்தீங்க, முழு சர்வீஸ் பண்ணிடுங்க” என்றார் டீச்சர். அந்த வீட்டுக்குக் குளியலறையும் கழிப்பறையும் சேர்ந்த அறை ஒன்றே ஒன்று. மெஷின் இருந்தது அதற்குள்தான்.

முதல் அரை மணி சர்க்குலர் செய்தித்தாள் படித்தார். அடுத்த அரை மணி நடந்தார். அதற்குப் பிறகு நடப்பதை நிறுத்திவிட்டுக் காலைச் சேர்த்துக்கொண்டு நின்றார். வெளியே டீச்சர் மெக்கானிக்கிடம் ரோஜாக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது.

“புகார் கொடுக்கலையா மேடம்?”

“அக்கவுண்ட் சார் பேர்ல. சார் கொடுக்க மாட்டார்.”

“எங்களுக்கும் வரும் மேடம். ஒரு வீட்ல வேலை முடிச்சுட்டு பஸ் ஏறல, அதுக்குள்ள ‘ஹாய்’னு வந்துடும். ஆபீஸ்ல போய்ச் சொன்னா, முதல் கேள்வியே, நீ ஏதாவது சிரிச்சியான்னுதான்.”

“எல்லா ஆபீஸ்லயும் ஒரே கேள்வித்தாள் போல.”

உள்ளே சர்க்குலரின் காது சிவந்தது. வெட்கத்தாலா, ஒன்றரை லிட்டராலா என்று பிரித்துப் பார்க்கும் நிலையில் அவர் இல்லை.

“நம்பராவது மாத்திடலாம் மேடம். அக்கவுண்ட்ல சார் நம்பர வெச்சுட்டா, பழைய சர்வீஸ் கார்டு அத்தனையிலயும் அதுவே ஏறிடும். சார் போனுக்கு ஒரு ஓடிபி வரும், அது போதும்.”

கதவு படபடவென்று அதிர்ந்தது.

“ஏய், கதவத் தொற!”

“ஏன்?”

“அவசரம்!”

“‘எக்காரணம் கொண்டும்’னு எழுதியிருக்கே.”

“எழுதினது நான்தானே! நானே திருத்தறேன்!”

“திருத்தறதுன்னா எழுத்துல வேணும். பேனா ஹால்ல இருக்கு.”

“விளையாடாத. அந்தம்மாவ அஞ்சு நிமிஷம் பால்கனியில நிக்கச் சொல்லு.”

“சொல்றேன். உங்க போன்ல ஆறு நம்பர் வந்திருக்கும், படிங்க.”

“ஓடிபியா? பெத்த தாய் கேட்டாலும் சொல்லக் கூடாது! ஆபீஸ்ல நானே சர்க்குலர் விட்டிருக்கேன்!”

“வேணாம்னா விடுங்க. ஏம்மா, டிரம்மக் கழட்டிக் கழுவணும்னீங்களே, எவ்வளவு நேரம் ஆகும்?”

“ஒன்றரை மணி நேரம் பிடிக்கும் மேடம்.”

டீச்சர் அந்தக் குழாயைத் திறந்துவிட்டார். பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் விழுந்தது. சளசளவென்று, நிதானமாக, மலையருவி போல விழுந்துகொண்டே இருந்தது.

“நாலு!” என்று கத்தினார் சர்க்குலர். “ஏழு! ஏழு! ஒண்ணு! தண்ணிய நிறுத்துடி! எட்டு! ரெண்டு!”

“தெளிவா கேட்கல. இன்னொரு தரம்?”

இரண்டாவது தரம் பக்கத்து வீட்டுக்கும் கேட்டது.

அதன் பிறகு நான்கு நாள் வீடு அமைதியாக இருந்தது. ஐந்தாம் நாள் ஃபிரிட்ஜின் இலவசப் பரிசோதனைக்குக் கெடு வந்தது. கார்டு அந்தப் பழைய மெக்கானிக்கின் கைக்குப் போனது. மறுநாள் காலை ஆறு மணிக்குச் சர்க்குலரின் ராணுவ ரகசியத்தில் பனித்துளியோடு ஒரு ரோஜா பூத்தது.

‘மேடம், நம்பர் மாத்திட்டீங்களா? சொல்லவே இல்ல. சாப்டாச்சா?’

சர்க்குலர் எழுத்துக்கூட்டித் தட்டினார்: ‘தங்கள் தகவல் தவறான நபருக்கு அனுப்பப்பட்டுள்ளது. இத்தகைய ஒழுங்கீனம் வன்மையாகக் கண்டிக்கத்தக்கது.’

பதில் உடனே வந்தது. ‘உங்க தமிழ் சூப்பர் மேடம். கோவமா?’ கூடவே மூன்று ரோஜா.

இரண்டு மாதமாக எழாத புகார் பதினோரு நிமிஷத்தில் எழுந்தது. சர்க்குலர் கம்பெனியின் இருபத்துநாலு மணி நேரப் புகார் எண்ணுக்குப் போன் போட்டார். பேர் சொன்னார், அப்பா பேர் சொன்னார், விலாசத்தை அஞ்சல் குறியீட்டு எண்ணோடு சொன்னார். ‘பழைய ரோஜாவும் இருக்கு, என் மனைவி எடுத்து வெச்சிருக்கா, எல்லாத்தையும் சேர்த்துக்கோங்க’ என்றார். விசாரணை முடியும்வரை அந்த ஆளை எந்த வீட்டுக்கும் அனுப்ப மாட்டோம் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் போனை வைத்தார். அதே வேகத்தில் ஹாலுக்கு ஓடினார். வகுப்பு தொடங்கப் பத்து நிமிஷம் இருந்தது. டீச்சர் கம்ப்யூட்டர் முன்னால் கணக்குத் திருத்திக்கொண்டிருந்தார்.

“பாத்தியா அவன் திமிர! எனக்கே அனுப்பறான்! என்ன தைரியம் இருக்கணும்! வீட்ல இருக்கிற மனுஷனுக்கு... காலங்கார்த்தால... என்ன நினைச்சுட்டிருக்கான் அவன்?”

டீச்சர் ஒரு விடைக்குச் சரி போட்டார். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

“நீங்க அவன்கிட்ட ஏதாவது சிரிச்சுப் பேசினீங்களா?”