தட்டில் யாரோ நாற்பது கிராம்

உலகில் அசையாதவை மூன்று: மலை, துருவ நட்சத்திரம், எங்கள் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு. முதல் இரண்டுக்கு நான் பொறுப்பேற்க முடியாது. மூன்றாவதற்கு நானே தலைவன்.

நாங்கள் தயாரிப்பது பச்சைக் குழந்தைகளுக்கான எடைக்கருவி. தட்டில் குழந்தையைக் கிடத்தினால் உள்ளே துளியூண்டு மின்னழுத்தம் பிறக்கும். அதை ஓர் ஆப்-ஆம்ப் சிப் ஆயிரம் மடங்கு பெருக்கித் திரைக்கு அனுப்பும்.

ஒருநாள் சர்க்யூட் மேடம் என் அறைக்கு வந்தார். கருவியை வடிவமைத்தவர். எதையும் அளந்து பார்த்துவிட்டே பேசும் கெட்ட பழக்கம் உள்ளவர்.

“சார், தட்டுல ஒண்ணுமே இல்ல. நாப்பது கிராம் காட்டுது.”

“தூசியா இருக்கும்மா.”

“தொடச்சிட்டேன் சார். சிப்புக்குப் பக்கத்துலயே கரண்ட்டைச் சீராக்குற ரெகுலேட்டர் கொதிக்குது. பத்து நிமிஷத்துல அந்தச் சூட்டுல சிப்புக்குள்ள துளி பிழை வருது. அதையும் எடைன்னு நெனச்சு ஆயிரம் மடங்கு பெருக்கிடுது. ரெகுலேட்டரை ரெண்டு விரக்கடை தள்ளி வச்சாப் போதும்.”

“பெட்டி ஒல்லியா இருக்கணும்னு டைரக்டரே பென்சிலால குறிச்ச இடம்மா அது. அவரைத் தள்ளி வைக்கச் சொல்றீங்களா?”

உடனே ‘பூஜ்யப் பாதுகாப்பு உயர்மட்டக் குழு’ கூடியது. மூன்று மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டு பிழையின் ஆணிவேரைக் கண்டுபிடித்தோம்: சோதனை பத்து நிமிடம் நடக்கிறது! அதை ஐந்தாகக் குறைத்தோம். கூடுதல் ‘பாதுகாப்பாக’, சோதனை அறையின் ஏசியை முழுவேகத்தில் வைத்தோம்.

“சார், குழந்தைங்க வார்டு கதகதப்பா இருக்குமே?” என்றார் மேடம்.

“அது வார்டோட பிரச்சினை.”

ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, பற்கள் தந்தியடிக்க, இருநூறு கருவிகளுக்குச் சான்று ஒட்டினேன். அத்தனையிலும் பூஜ்யம் என்றால் சுத்தப் பூஜ்யம்.

போன வாரம் என் தங்கைக்கு நாள் முந்திப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு கிலோ தொட்டால்தான் வீட்டுக்கு அனுப்புவார்களாம். தாய்மாமன் ஆயிற்றே, ஓடினேன். வார்டில் இருந்தது எங்கள் கருவி! எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மருமகள் தட்டில் காலை உதைத்தாள். திரையில் இரண்டு கிலோ பத்து கிராம்.

“கிளம்புடி!” என்றேன். தங்கை ஆனந்தக் கண்ணீரோடு பையைக் கட்டினாள்.

நர்ஸ் குழந்தையைத் தூக்கினார். திரையில் நாற்பது கிராம் மிச்சம் இருந்தது.

“குழந்தையத் தூக்கிட்டேன். இன்னும் யாரு சார் படுத்திருக்கா?”

கழித்துப் பார்த்தால் இரண்டு கிலோவுக்கு முப்பது கிராம் குறைவு. தங்கை பையை அவிழ்த்தாள்.

“அண்ணா, இது உன் கம்பெனிதானே?”

கருவியின் மேலிருந்த கம்பெனிப் பெயரை உள்ளங்கையால் மறைத்தேன்.

“இதை நம்பி இதுவரை எத்தனை குழந்தைங்கள அனுப்பினோமோ!” என்று பதறிய நர்ஸ், கருவியைக் கவிழ்த்துச் சான்றைத் தேடினார். “இதுல கையெழுத்துப் போட்ட மகராசன் யாரு?”

நானும் குனிந்து பார்த்தேன். சூட்டிலும் குளிரிலும் இம்மியும் நகராமல் அந்தக் கருவியில் நிலையாக இருந்தது ஒன்றே ஒன்றுதான்: என் கையெழுத்து.