இருபத்தோராம் வளைவில் வராத வரி

பாட்டு எழுத ஒருவருக்குக் கடற்கரை வேண்டும், ஒருவருக்குக் காதல் வேண்டும். பஸ் திரும்பினால்தான் வரி வரும் என்றிருந்தவர், எனக்குத் தெரிந்து இந்த உலகத்திலேயே கொண்டை ஊசி அண்ணன் ஒருவர்தான்.

நான் கொல்லிமலைமேல், வளப்பூர் நாட்டு ஊர் ஒன்றில் வாத்தியாராக இருந்தபோது, சனிக்கிழமைதோறும் அவரோடுதான் மலையிறங்குவேன். கொல்லிமலை ரோட்டில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். நாங்களெல்லாம் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு கண்ணை மூடியிருப்போம். அவர் யாருடைய பலாப்பழத்தையாவது மடியில் வாங்கி வைத்து, அதன்மேல் நோட்டை விரித்து எழுதிக்கொண்டிருப்பார். ஜன்னல் வழியாகப் பனி வந்து தலையில் உட்காரும். தட்டிவிடக்கூட மாட்டார்.

ஒருமுறை சென்னையில் ஓர் இசையமைப்பாளர் அவரைக் கூப்பிட்டு, ஏசி அறையில் மூன்று நாள் உட்கார வைத்தார். அண்ணன் ஒரு சொல்கூட எழுதாமல் திரும்பி வந்தார்.

"என்னங்கண்ணா ஆச்சு?" என்றேன்.

"அங்க எல்லாமே நேரா கெடக்குதுங்க வாத்தியாரே. ஒரு பக்கமும் திரும்ப மாட்டேங்குது."

இசையமைப்பாளர் நல்ல மனுஷன்; மெட்டை போனில் அனுப்பி, இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார். சனிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் பாட்டு வர வேண்டும். இல்லாவிட்டால் வேறு ஆள். அண்ணன் எழுதிய எதுவும் அதுவரை வெளிவந்ததில்லை. இதுவும் போனால் நோட்டை அடுப்பில் போட்டுவிட்டு மிளகு பறிக்கப் போவதாகச் சொல்லியிருந்தார். பஸ்ஸுக்கே விஷயம் தெரியும். அந்தச் சனிக்கிழமை கண்டக்டர் விசிலைக்கூட மெதுவாக ஊதினார்.

இருபத்தோராம் வளைவில் எதிரே ஒரு லாரி மாட்டிக்கொண்டது. பஸ் நின்றது. பாட்டும் நின்றது. இன்னும் ஒரே ஒரு வரிதான் எழுத வேண்டும்.

அரைமணி போனது. அன்று அண்ணன் மடியிலிருந்த பலாப்பழத்துக்குச் சொந்தக்கார அக்காவுக்குத்தான் யோசனை வந்தது.

"பஸ்ஸு திரும்பாட்டி என்னங்க? நீங்க எறங்கித் திரும்புங்க சாமி."

இறங்கினார். நடுரோட்டில், பனிக்குள், கண்ணை மூடிக்கொண்டு தன்னைத்தானே சுற்றினார். டிரைவர் என்ஜினை அணைத்தார். யாரும் சிரிக்கவில்லை. ஏழெட்டுச் சுற்றில் தள்ளாடி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். வரி வரவில்லை. தலைசுற்றலில் "ம்ம்... ம்ம்ம்..." என்று ஒரு முனகல்தான் வந்தது. ஆனால் மெட்டோடு வந்தது.

லாரி விலகி, சிக்னல் கிடைக்கும் வளைவுக்கு நாங்கள் வந்தபோது பன்னிரண்டாக இரண்டே நிமிஷம். பாட்டை அப்படியே போனில் பாடி, கடைசி வரிக்கு அந்த முனகலையே வைத்து அனுப்பிவிட்டார்.

அந்த முனகலுக்குத்தான் இன்றைக்கு ஊரெல்லாம் ரீல்ஸ் போடுகிறார்கள். பாராட்டினால் அண்ணன் முகம் வாடிவிடும்.

"பாட்டு இன்னும் முடியலீங்க. அந்த வரி அங்கயேதான் நிக்குது," என்பார்.

அதனால் அந்தப் பஸ்ஸில் ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. இருபத்தோராம் வளைவு வந்தால் எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

எனக்கு மாற்றல் வந்து மலையிறங்கிவிட்டேன். டீக்கடையில் அந்தப் பாட்டு ஓடி முனகல் வரும்போது, நானும் டம்ளரை வைத்துவிட்டுச் சும்மா இருப்பேன். அண்ணனுக்கு அந்த வரி வந்துவிட்டால் நல்லது. வராவிட்டாலும், அவருக்காகக் கொஞ்ச நேரம் காத்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.